மண்ணுக்குள்ள வாழற உயிர்களைப் பத்தின ஆராய்ச்சிக்கு ஏன் இவ்வளவு கம்மியான கவனம்?

வேர்நுனி:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல கிடக்கற விஷயம், கொட்டிடறேன். மண் பரிசோதனைக்குக் கொடுத்தா ரிப்போர்ட்ல என்ன வருது? பிஹெச், உப்பு, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மிஞ்சிப்போனா கரிமச்சத்து எத்தனை சதவீதம்னு ஒரு வரி. அதுக்குள்ள உயிரோட இருக்கறதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. ஒரு ஸ்பூன் நல்ல மண்ணுல நூறு கோடி பாக்டீரியா வரைக்கும் இருக்கும்ங்கறது பாடப்புத்தகத்துலயே இருக்கு, ஆனா அதுல யார் யார் இருக்காங்க, என்ன வேலை பண்றாங்கன்னு கேட்டா பாதிக்கு மேல பதில் இல்ல. 2023-ல ஒரு கணக்கு வந்துச்சு, பூமியில உள்ள உயிரினங்கள்ல சுமார் 59 சதவீதம் மண்ணை நம்பித்தான் வாழுதுன்னு. அதுக்கு முன்னாடி எல்லாரும் 25 சதவீதம்னு சொல்லிட்டிருந்தாங்க. அந்த 59-லயும் 15 சதவீதம் கூடலாம் குறையலாம்னு அவங்களே போட்டிருக்காங்க. இவ்வளவு பெரிய இடைவெளி விட்டுத்தான் சொல்ல முடியுதுன்னா நாம இன்னும் எண்ணியே முடிக்கலன்னுதானே அர்த்தம். காலடியில இருக்கற விஷயத்துக்கு இந்த நிலைமை ஏன்? இந்தத் துறையில இருக்கறவங்க, படிச்சவங்க, விவசாயம் பண்றவங்க எல்லாரும் சொல்லுங்க.

கேள்விக்கணை:
சகோ, உங்க ஆர்வம் புரியுது. ஆனா எனக்கு ஒரு அடிப்படைக் கேள்வி இருக்கு. மக்குன உரம் போடு, தேவையில்லாம உழாத, மூடாக்கு போடு, ஒரே பயிரையே திரும்பத் திரும்ப வைக்காத. மண்ணுல உயிர் பெருக இதுதான் வழின்னு ஏற்கெனவே தெரியும். அப்புறம் அந்த நூறு கோடி பாக்டீரியாவுக்கும் பேர் வச்சு என்ன ஆகப்போகுது? பேர் வச்சுட்டா மண்ணு மாறிடுமா? அந்தக் காசை நேரா நிலத்துல போட்டா ஆகாதா?

நுண்ணோக்கி:
கேள்விக்கணை, நல்ல கேள்வி, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். பயறு வகை வச்ச நிலம் அடுத்த பயிருக்கு நல்லா கொடுக்கும்னு ஆயிரக்கணக்கான வருஷமா மனுஷனுக்குத் தெரியும். ஏன்னு மட்டும் தெரியாது. 1880-கள்ல ஜெர்மனியில ஹெல்ரீகல், வில்ஃபார்த்னு ரெண்டு பேர் மணலைச் சூடு பண்ணி கிருமியெல்லாம் நீக்கிட்டு அதுல பட்டாணி வளர்த்துப் பார்த்தாங்க. செடி நைட்ரஜன் இல்லாம வெளிறிப்போய் நின்னுச்சு. அதே மணல்ல சாதாரண மண்ணைக் கரைச்ச தண்ணியைக் கொஞ்சம் ஊத்தினா வேர்ல முடிச்சு வந்து செடி பச்சையாகி வளருது. ஓட்ஸுக்கு அதே தண்ணியை ஊத்துனா ஒண்ணும் நடக்கல. அப்ப மண்ணுல இருக்கற ஏதோ ஒரு உயிர்தான் இதைப் பண்ணுதுன்னு ஆச்சு. 1888-ல பெய்ஜெரிங்க்னு ஒரு விஞ்ஞானி அந்த பாக்டீரியாவைத் தனியாப் பிரிச்சே எடுத்துட்டார், அதுதான் இன்னிக்கு நாம சொல்ற ரைசோபியம்.

சரி, அதனால என்ன லாபம்னு கேப்பீங்க. சோயாவைப் புதுக் கண்டத்துக்குக் கொண்டுபோனப்ப அந்த மண்ணுல அதுக்குப் பொருத்தமான பாக்டீரியா இல்ல, முடிச்சே வராது. எந்த பாக்டீரியா எந்தச் செடிக்குன்னு தெரிஞ்சதாலதான் விதையோட அதையும் சேர்த்துக் கொடுக்க முடிஞ்சுது. பிரேசில்ல யோஹானா டோபரைனர்னு ஒரு விஞ்ஞானி 1960-கள்லயே இதுக்காக நின்னாங்க, உலகமே யூரியா பக்கம் ஓடிட்டிருந்த நேரம் அது. இன்னிக்கு அங்க சோயா பெரும்பாலும் நைட்ரஜன் உரமே இல்லாம பாக்டீரியாவை வச்சுத்தான் விளையுது. அதே வழியில வேலை செஞ்ச மரியாஞ்செலா ஹுங்ரியாவுக்கு 2025-ல உலக உணவுப் பரிசு கொடுத்தாங்க. அங்க மிச்சமாகற உரத்தை நினைச்சுப் பாருங்க, அதைத் தயாரிக்க எரிக்க வேண்டிய இயற்கை எரிவாயுவையும் சேர்த்து. பேர் தெரிஞ்சதாலதான் இது நடந்துச்சு.

வேர்நுனி:
அருமை நுண்ணோக்கி. டோபரைனர் பத்தி நம்ம ஆளுங்களுக்குத் தெரியவே தெரியாது.

மருந்தாளுநர்:
நான் விவசாயப் பக்கம் இல்ல, மருந்துத் துறை. எங்க பக்கத்துலேர்ந்து ஒண்ணு சேர்க்கறேன். 1943-ல ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துல வாக்ஸ்மன் ஆய்வுக்கூடத்துல ஆல்பர்ட் ஷாட்ஸ்னு ஒரு மாணவர் மண்ணுல இருக்கற ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைக் கிருமிகளை ஒவ்வொண்ணா வளர்த்துப் பார்த்துட்டிருந்தார். அதுல கிடைச்சதுதான் ஸ்ட்ரெப்டோமைசின், காசநோய்க்கு வேலை செஞ்ச முதல் ஆன்டிபயாடிக். 1952-ல நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போச்சு. ஷாட்ஸ் அதுக்கு முன்னாடியே கோர்ட்டுக்குப் போய்த்தான் கூட்டுக் கண்டுபிடிப்பாளர்னு தன் பேரைச் சேர்க்க வேண்டியதா இருந்துச்சு. அந்த மனுஷனுக்கு நடந்தது இன்னிக்கும் எனக்கு வருத்தம்தான்.

அதோட நிக்கல. ஜப்பான்ல சதோஷி ஓமுரா ஒரு கோல்ஃப் மைதானத்துப் பக்கத்து மண்ணுலேர்ந்து எடுத்த கிருமியாலதான் ஐவர்மெக்டின் வந்துச்சு, ஆப்பிரிக்காவுல ஆத்தோரக் குருட்டு நோய்லேர்ந்து கோடிக்கணக்கான பேரைக் காப்பாத்தற மருந்து, 2015-ல நோபல். ஈஸ்டர் தீவு மண்ணுலேர்ந்து ராபாமைசின்னு ஒரு மருந்து. நார்வே மண்ணுல இருந்த ஒரு பூஞ்சையிலேர்ந்து சைக்ளோஸ்போரின், அது இல்லன்னா உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை இன்னிக்கு இருக்கற அளவுக்கு வந்திருக்கவே முடியாது. மண் ஆராய்ச்சின்னா பயிர் ஆராய்ச்சி மட்டும்தான்னு நினைச்சுப் பணம் ஒதுக்கறவங்களுக்கு இதையெல்லாம் சொல்லணும்.

கேள்விக்கணை:
மருந்தாளுநர் சார், இதெல்லாம் பழைய பெருமை. 1960-க்கு அப்புறம் மண்ணுலேர்ந்து புது ஆன்டிபயாடிக் வகை பெருசா ஒண்ணும் வரலையே. ஊத்து வத்திப்போச்சுன்னு எடுத்துக்கலாமா?

மருந்தாளுநர்:
வத்தல சார். நாம பாத்திரத்தை மாத்தாம ஒரே இடத்துலயே மொண்டுட்டிருந்தோம், அதுதான் விஷயம். மண்ணுல இருக்கற கிருமிகள்ல ரொம்பச் சின்னப் பங்குதான் ஆய்வுக்கூடத் தட்டுல வளரும், பொதுவா ஒரு சதவீதம்னு சொல்வாங்க. அந்த ஒரு சதவீதத்தையே உலகம் முழுக்க எல்லாரும் வளர்த்தா திரும்பத் திரும்ப அதே மருந்துதான் வரும், அதுதான் நடந்துச்சு, கம்பெனிகளும் சலிச்சுப்போய் மூட்டை கட்டிட்டாங்க. அப்புறம் கிம் லூயிஸ்னு ஒரு விஞ்ஞானியோட குழு ஒரு வேலை பண்ணாங்க. சின்னச் சின்ன ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் தகடு, ஒரு ஓட்டைக்குச் சுமார் ஒரு கிருமி விழற மாதிரி மண் கரைசலை நீர்த்து ஊத்தி, ரெண்டு பக்கமும் சவ்வு ஒட்டி, திரும்ப மண்ணுலயே புதைச்சிட்டாங்க. கிருமி வெளிய போகாது, ஆனா மண்ணுல இருக்கற சத்தெல்லாம் உள்ள வரும். சொந்த இடத்துலயே இருக்கறதால தட்டுல வளராததெல்லாம் வளர ஆரம்பிச்சுது. 2015-ல டெய்க்ஸோபாக்டின்னு ஒரு புது ஆன்டிபயாடிக் அப்படித்தான் வந்துச்சு. அது இன்னும் கடையில கிடைக்கற மருந்தாகல, அதையும் நேர்மையா சொல்லிடறேன். ஆனா வழி திறந்துருச்சு.

மழைமேகம்:
நான் சும்மா படிச்சிட்டிருந்தேன், ஒரு சந்தேகம். கிளைமேட் சேஞ்ச் பத்திப் பேசும்போது மண்ணு மண்ணுன்னு சொல்றாங்களே, மண்ணுல கார்பனைச் சேர்த்தா எல்லாம் சரியாகிடும்னு வீடியோ வேற நிறைய வருது, அது உண்மையா?

கரிமம்:
மழைமேகம், இதுதான் என் வேலையே, அதனால பதில் சொல்லியே ஆகணும். மண்ணோட மேல் ஒரு மீட்டர்ல மட்டும் கரிமப் பொருளா சுமார் 1.5 லட்சம் கோடி டன் கார்பன் இருக்கு. காத்துல இருக்கறதை விட ஒன்றரை மடங்குக்கு மேல. இந்தக் கார்பன் உள்ள தங்குறதா வெளிய போறதான்னு முடிவு பண்றதுல பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் பெரிய கை இருக்கு, அதுங்க தின்னு மூச்சு விட்டா கார்பன் டை ஆக்சைடா காத்துக்குப் போகுது. பூமி சூடானா அதுங்க வேகமா தின்னுமா, எவ்வளவு நாளைக்குத் தின்னும், அதான் கேள்வி.

அமெரிக்காவுல ஹார்வர்ட் காடுன்னு ஒரு ஆராய்ச்சிக் காடு இருக்கு. 1991-ல ஜெர்ரி மெலில்லோ குழு மண்ணுக்கடியில மின்கம்பி புதைச்சு பக்கத்து மண்ணை விட 5 டிகிரி அதிகமா சூடாவே வச்சிருந்தாங்க, வருஷக்கணக்கா. முதல் பத்து வருஷம் கார்பன் மடமடன்னு வெளிய போச்சு. அப்புறம் நின்னுபோச்சு, சூடாக்குன மண்ணுக்கும் சாதா மண்ணுக்கும் வித்தியாசமே இல்ல. அந்த இடத்துல ஆராய்ச்சியை நிறுத்தியிருந்தா என்ன எழுதியிருப்பாங்க? மண்ணு சூட்டுக்குப் பழகிருச்சு, பயப்பட வேண்டாம்னு. ஆனா நிறுத்தல. சில வருஷம் கழிச்சு திரும்ப கார்பன் போக ஆரம்பிச்சுது, ஏன்னா அந்தச் சமயத்துல உள்ள இருந்த நுண்ணுயிர்க் கூட்டமே மாறியிருந்துச்சு. அப்புறம் திரும்ப ஒரு நிறுத்தம். 26 வருஷக் கணக்கைப் பார்த்தா மேல் 60 சென்டிமீட்டர்ல இருந்த கார்பன்ல 17 சதவீதம் போயிருந்துச்சு. 2017-ல வெளியிட்டாங்க.

இதை நான் எங்க போனாலும் சொல்றேன். ஆராய்ச்சிக்குப் பணம் மூணு வருஷம், நாலு வருஷம்னுதான் கொடுக்கறாங்க. மண்ணோட பதில் அந்தக் காலத்துக்குள்ள வரணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. வீடியோல சொல்ற மாதிரி மண்ணு எல்லாத்தையும் சரி பண்ணிடும்னு சொல்றதுக்கும் ஆதாரம் பத்தாது. சேர்த்து வச்ச கார்பன் உழுதாலோ சூடானாலோ திரும்ப வெளிய வரும். புகையைக் குறைக்கறதுக்கு மாற்று கிடையாது.

வேர்நுனி:
கரிமம், நான் முதல்ல கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்னு தோணுது. ஆராய்ச்சி இல்லாமல் இல்ல, நீண்டகால ஆராய்ச்சி இல்ல.

நுண்ணோக்கி:
அதுக்கு எதிர் உதாரணமும் ஒண்ணு இருக்கு. இங்கிலாந்துல ரோதம்ஸ்டெட்னு ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையம். 1843-ல ஆரம்பிச்ச கோதுமை வயல் சோதனை இன்னிக்கும் ஓடிட்டிருக்கு. அங்க மண்ணையும் தானியத்தையும் அந்தக் காலத்துலேர்ந்து ஜாடியில, டப்பாவுல அடைச்சு வச்சிருக்காங்க, சுமார் 3 லட்சம் மாதிரி. அடைச்சு வச்சவங்களுக்கு டிஎன்ஏன்னா என்னன்னே தெரியாது. இன்னிக்கு அந்தப் பழைய மண்ணுலேர்ந்து பாக்டீரியா டிஎன்ஏ எடுத்துப் பார்க்கறாங்க. என்ன கேள்வி வரும்னு தெரியாமலே யாரோ சேர்த்து வச்சதால இது முடியுது, இந்த மாதிரி மண் சேகரிப்பு நிலையம் ஒவ்வொரு நாட்டுலயும் இருக்கணும்னு நான் தீவிரமா நம்பறேன், ஃப்ரீசர் வச்சு டிஎன்ஏ கெடாம வைக்கற வசதியோட.

கேள்விக்கணை:
நல்லது. ஆனா எனக்கு இந்தத் துறை மேல இருக்கற இன்னொரு எரிச்சலையும் சொல்லிடறேன். மரங்கள் பூஞ்சை வழியா ஒண்ணோட ஒண்ணு பேசுது, தாய் மரம் குட்டி மரத்துக்கு ஊட்டுதுன்னு ஊரெல்லாம் பரப்பினாங்க. இன்னொரு பக்கம் பாக்கெட்ல நுண்ணுயிர்னு விக்கறாங்க, போட்டா வயல்ல ஒரு மாத்தமும் தெரியல, எனக்குத் தெரிஞ்ச பல பேர் அனுபவம் இது. ஆராய்ச்சின்னு சொல்லிட்டு இப்படிப் பண்ணா மக்கள் எப்படி நம்புவாங்க?

பூஞ்சைக்காதலி:
கேள்விக்கணை அண்ணா, நான் மைக்கோரைசா, அதாவது வேரும் பூஞ்சையும் சேர்ந்து வாழற கூட்டு, அதுலதான் வேலை பாக்கறேன், உங்க கோபம் எனக்கும் இருக்கு. முதல்ல உறுதியா தெரிஞ்சதைச் சொல்றேன். தரைத் தாவரங்கள்ல பெரும்பாலானவை வேர்ல பூஞ்சையோட கூட்டு வச்சிருக்கு. 40 கோடி வருஷத்துக்கு முந்தின ஸ்காட்லாந்துப் பாறைப் படிமத்துலயே செடிக்குள்ள அந்தப் பூஞ்சை தெரியுது. வேர் போக முடியாத சின்னச் சந்துக்குள்ள பூஞ்சை இழை போய் பாஸ்பரஸ் கொண்டு வரும், செடி பதிலுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் கொடுக்கும். இதுல சந்தேகமே இல்ல.

1997-ல சுசான் சிமார்ட் குழு பிர்ச் மரத்துக்கும் டக்ளஸ் ஃபர் மரத்துக்கும் நடுவுல கார்பன் போய் வருதுன்னு கார்பன் ஐசோடோப்பு, அதாவது தனியா அடையாளம் காண முடியற கார்பன், வச்சு காட்டுனாங்க. அது முக்கியமான ஆராய்ச்சி. ஆனா அந்தக் கார்பன் பூஞ்சை இழை வழியா மட்டும்தான் போச்சா, மண்ணு வழியாவும் போச்சா, போன அளவு அந்த மரத்துக்கு உபயோகப்படுமான்னு காட்டறது ரொம்பக் கஷ்டம். 2023-ல ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்ஸெமான்னு மூணு பேர் இருந்த ஆதாரத்தையெல்லாம் திரும்பப் படிச்சாங்க. இதுல மெலனி ஜோன்ஸ் 1997 ஆய்வுலயே இருந்தவங்க. பெரிய மரம் தன் பிள்ளைக்குன்னு பார்த்து ஊட்டுதுங்கற பேச்சுக்குக் காட்டுல எடுத்த ஆதாரம் இல்லன்னு எழுதுனாங்க. தன்னோட சொந்தத் துறையில பிரபலமான கதையையே எடுத்துச் சோதிக்கற தைரியம், அதுக்காகவே எனக்கு அவங்க மேல மரியாதை ஜாஸ்தி.

பாக்கெட் விஷயம். சுவிட்சர்லாந்துல 54 சோள வயல்ல ஒரே பூஞ்சையைப் போட்டுப் பார்த்தாங்க, 2023-ல வந்த ஆய்வு. சில வயல்ல விளைச்சல் 40 சதவீதம் வரைக்கும் ஏறுச்சு, சில வயல்ல 12 சதவீதம் குறைஞ்சுது. முக்கியமானது அடுத்த கட்டம். போடறதுக்கு முன்னாடி அந்த மண்ணுல என்னென்ன பூஞ்சை ஏற்கெனவே இருக்குன்னு டிஎன்ஏ வச்சுப் பார்த்தா, எந்த வயல்ல வேலை செய்யும்னு பெருமளவுக்கு முன்கூட்டியே சொல்ல முடிஞ்சுது. நோய் உண்டாக்கற பூஞ்சை அதிகமா இருந்த மண்ணுலதான் இது நல்லா கைகொடுத்துச்சு. அதனால நீங்க கேட்டீங்களே, பேர் வச்சு என்ன ஆகப்போகுதுன்னு, அந்தப் பேர் தெரிஞ்சா யார் பாக்கெட்டை வாங்கணும் யார் வாங்கவே கூடாதுன்னு சொல்ல முடியும். விக்கறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க, ஏன்னா பாதி விற்பனை போயிடும்.

கேள்விக்கணை:
இது நியாயமான பதில்மா. அந்த டிஎன்ஏ பரிசோதனை சாதாரண விவசாயி கைக்கு எட்டற செலவுல வர்ற வரைக்கும் என் எரிச்சல் அப்படியேதான் இருக்கும், ஆனா அதுக்குத்தான் ஆராய்ச்சின்னா நான் எதிர்க்கல.

ஈரநிலம்:
யாரும் மண்புழுவைப் பத்திப் பேசலையே! 2023-ல ஒரு மதிப்பீடு, உலகத் தானிய விளைச்சல்ல சுமார் 6.5 சதவீதம் மண்புழுவோட பங்குன்னு. கூலி வாங்காத உழைப்பு. டார்வின் கடைசிக் காலத்துல, 1881-ல, மண்புழுவைப் பத்தி ஒரு முழுப் புத்தகமே எழுதிட்டுத்தான் போனார்.

கரிமம்:
உண்மை, ஆனா மண்புழு எல்லா இடத்துலயும் நல்லதுன்னு எடுத்துக்கக் கூடாது. வட அமெரிக்காவோட வடக்குக் காடுகள்ல பனியுகத்துக்கு அப்புறம் மண்புழுவே கிடையாது. அந்தக் காடு தரையில தடிமனா சருகு மெத்தை சேர்ந்து, அதை நம்பி செடிகொடி, பூச்சி, சாலமாண்டர்னு எல்லாம் பழகியிருக்கு. குடியேறிகளோட போன ஐரோப்பியப் புழுவும், இப்ப ஆசியாவிலேர்ந்து போன குதிக்கற புழுவும் அந்த மெத்தையையே தின்னு தீர்த்துடுது. அதனால யாராவது மண்புழு, கிருமி எதையாவது ஒரு காட்டுக்குள்ள நல்லெண்ணத்துல கொண்டுபோய் விடலாம்னு சொன்னா தயவுசெஞ்சு தடுங்க. வயலுக்குச் சரி, காட்டுக்குத் தவறா இருக்கலாம்.

மழைமேகம்:
பூச்சிமருந்து அடிக்கறது இதுங்களை எவ்வளவு பாதிக்குது? அதுக்கு ஆராய்ச்சி இருக்கா?

நுண்ணோக்கி:
இருக்கு. 2021-ல சுமார் 400 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க, மண்ணுல வாழற புழு, பூச்சி, வண்டு, தேனீ வகைகள் மேல. அளந்த விஷயங்கள்ல 70 சதவீதத்துக்கு மேல கெட்ட விளைவு தெரிஞ்சுது. இதுல எனக்கு ஆத்திரம் வர்ற இடம் என்னன்னா, மருந்துக்கு அனுமதி கொடுக்கும்போது அமெரிக்காவுல ஐரோப்பியத் தேனீயை வச்சுத்தான் பெரும்பாலும் பாதுகாப்பு பார்க்கறாங்க. அது வாழறது கூட்டுல, மண்ணுக்குள்ள இல்ல. வருஷம் முழுக்க மண்ணுக்குள்ளயே கிடந்து மருந்துல ஊறற உயிருக்கு அந்த டெஸ்ட் எப்படிப் பொருந்தும்?

மழைமேகம்:
கேக்கவே கஷ்டமா இருக்கு. சரி, ஒரு வேண்டுகோள். லேப் இல்லாத என்னை மாதிரி ஆளு மண்ணுல உயிர் இருக்கான்னு கண்ணால பாக்க வழி இருக்கா?

பூஞ்சைக்காதலி:
இருக்கு தோழி, எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இது. ஒரு அகலமான புனல் எடுத்து அடியில வலை வைங்க, ஓட்டை ரெண்டு மூணு மில்லிமீட்டர் இருக்கணும். மேல் மண்ணும் சருகும் கலந்து ஒரு கைப்பிடி அதுல போடுங்க, அழுத்தாம, உதிரியா. புனலுக்குக் கீழ சின்னப் பாட்டில்ல கொஞ்சம் ஆல்கஹால். மேல ஒரு பழைய குண்டு பல்பு, சூடு வர்றது, எல்இடி வேண்டாம். மண்ணு மேலேர்ந்து மெதுவா காயக் காய, இருட்டும் ஈரமும் தேடி உள்ள இருக்கறதெல்லாம் கீழ இறங்கி பாட்டில்ல விழும். ரெண்டு மூணு நாள் விடணும். பல்பைக் கிட்ட வச்சு அவசரப்பட்டா இறங்கறதுக்கு முன்னாடியே உள்ளயே காஞ்சு செத்துடும். பெர்லீஸ்னு ஒரு விஞ்ஞானி 1905-ல பண்ணது, அப்புறம் டல்கிரன்னு இன்னொருத்தர் பல்பு சேர்த்தார், இன்னிக்கும் ஆராய்ச்சிக்காரங்க இதைத்தான் பயன்படுத்தறாங்க.

விழுந்ததை ஒரு வெள்ளைத் தட்டுல ஊத்தி லென்ஸ் வச்சுப் பாருங்க. நிறைய விழறது ரெண்டு வகை. எட்டுக்கால், உருண்டையா பழுப்பா மினுங்கறது மண் உண்ணி. நீளமா வெள்ளையாவோ சாம்பலாவோ இருந்து வயித்துக்கடியில முள்கரண்டி மாதிரி மடிச்சு ஒரு வால் வச்சிருந்தா அது துள்ளுவால் பூச்சி, ஆபத்துன்னா அந்த வாலை விசிறித் துள்ளும். மழை பெஞ்சதும் வர்ற மண்வாசனை இருக்கே, அது ஜியோஸ்மின்னு ஒரு பொருள், ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா உண்டாக்கறது. மருந்தாளுநர் சார் சொன்ன அதே வகை. அந்த வாசனை இந்தத் துள்ளுவாலைக் கூப்பிடுது, அது வந்து பாக்டீரியாவைத் தின்னு, உடம்புல ஒட்டிக்கிட்ட அந்த பாக்டீரியாவோட விதைத்துகளை (ஸ்போர்) வேற இடத்துக்குச் சுமந்துட்டுப் போகுதுன்னு 2020-ல கண்டுபிடிச்சாங்க. அந்த வாசனை எதுக்குன்னு அதுவரைக்கும் தெளிவா யாருக்கும் தெரியாது.

மழைமேகம்:
இந்த வாரமே பண்ணிப் பாக்கறேன் தோழி. உழுத இடத்துலயும் உழாத இடத்துலயும் எடுத்தா ஒப்பிடலாமா?

பூஞ்சைக்காதலி:
தாராளமா. ஆனா ரெண்டையும் ஒரே நாள், ஒரே ஆழம், ஒரே அளவு எடுங்க. ஒரு இடத்துக்கு ஒரு கைப்பிடி போதாது, நாலஞ்சு இடத்துல எடுத்துத் தனித்தனியா போடுங்க, ஏன்னா அடிக்கு அடி மண்ணு மாறும். எடுக்கும்போது ஈரம் எப்படி இருந்துச்சுன்னு எழுதி வைங்க, வறட்சியில எல்லாம் ஆழத்துக்குப் போயிடும், உயிர் இல்லன்னு நினைச்சுடுவீங்க.

வேர்நுனி:
நானும் சேர்றேன். எங்களுக்கு மண் பரிசோதனை பண்ற லேப்ல மூச்சு அளவு, அதாவது காஞ்ச மண்ணை நனைச்சு மூடி வச்சு அது விடற கார்பன் டை ஆக்சைடை அளக்கற டெஸ்ட், அதைச் சேர்க்க முடியுமான்னு எழுதிக் கேட்டிருக்கேன். கரிமம், அந்த டெஸ்ட்ல கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?

கரிமம்:
இருக்கு. ஒரு தடவை அளந்த எண்ணை மட்டும் வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க. மூச்சு அதிகம்னா உயிர் அதிகம்னும் இருக்கலாம், சமீபத்துல உழுது உள்ள பூட்டிக்கிடந்த கார்பனைத் திறந்து விட்டதாலயும் இருக்கலாம். வருஷா வருஷம் ஒரே மாசத்துல, அதே இடத்துல எடுக்கச் சொல்லுங்க. எடுத்ததுல கொஞ்சம் மண்ணை நிழல்ல காய வச்சு, தேதியும் இடமும் எழுதி ஜாடியில போட்டு நீங்களே பத்திரப்படுத்துங்க.